படுக்கைக்குக் காப்பீடு இருக்கிறது, மாத்திரைக்கு?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். மஞ்சக்குப்பத்தில் பிறந்து அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், பாகூரில் நிலமும் ரெட்டிச்சாவடியில் வீடும் உள்ளவர்கள் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் கலந்து கிடக்கிற பகுதி இது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை ஓய்ந்து கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த ‘சொல்தா’ குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"பிரான்ஸ்ல எல்லாருக்கும் வைத்தியம் சர்க்கார் பொறுப்பு" என்று அவர் தொடங்குவார். "அது யார் வூட்டுப் பணம் மாமா? சம்பளத்துல புடிக்கிறதுதானே" என்பார் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் மருமகன். "அதான் அஞ்சு லட்சம் கார்டு இருக்கே, அப்புறம் என்ன?" என்பது அத்தையின் கேள்வி. மூவர் பேச்சிலும் விஷயம் உண்டு. ஆனால் அதே கூடத்து அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பா மட்டும் வாதத்துக்கு வருவதில்லை. ஒரு சாதாரணக் குடும்பத்தின் வைத்தியச் செலவில் பெரிய பங்கு அந்த டப்பாவுக்குத்தான் போகிறது.

இந்த வாதம் முடியாமல் இழுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ‘எல்லாருக்கும் மருத்துவம்’ என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: யார் யாருக்கு, எந்தெந்த வைத்தியத்துக்கு, செலவில் எவ்வளவு பங்குக்கு. உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு அறிக்கையில் இதை ஒரு பெட்டியாகவே வரைந்து காட்டியது. நீளம் மக்கள் தொகை, அகலம் சிகிச்சை வகைகள், உயரம் செலவில் பொதுப்பணத்தின் பங்கு. எந்த நாடும் அந்தப் பெட்டியை முழுக்க நிரப்பியது இல்லை. பெரியவர் பேசுவது நீளத்தைப் பற்றி, மருமகன் பேசுவது உயரத்தைப் பற்றி. அகலத்தை யாரும் தொடுவதில்லை.

சீட்டுக் கணக்கு

முதலில் ‘இலவசம்’ என்ற சொல்லை ஒதுக்கி வைக்க வேண்டும். எந்த நாட்டிலும் வைத்தியம் இலவசம் இல்லை. பணம் எப்போது, யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். நோய் வந்த பிறகு நோயாளியிடம் வாங்கலாம், நோய் வருவதற்கு முன்பே எல்லாரிடமும் வாங்கி வைக்கலாம். வழி இந்த இரண்டுதான்.

முன்பே வாங்கி வைப்பது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு நடத்துகிற சீட்டு தெரியாத தெரு கிடையாது. அதில் எல்லாருக்கும் ஒரு முறை பணம் வரும். வைத்தியச் சீட்டில் நோயில் விழுந்தவருக்கு மட்டும், தேவைப்பட்ட அளவு வரும்; மற்றவர்கள் போட்டது திரும்பாது. அவர்கள் அந்தப் பணத்துக்கு வாங்கியது பயமில்லாத ஒரு வருஷம்.

இந்தச் சீட்டில் சேருவது அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? நெஞ்சு வலிக்காரரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவரும் முதலில் ஓடிவந்து சேருவார்கள். செலவு ஏறும், சந்தா ஏறும். உடம்பு நன்றாக இருக்கும் இளைஞர், ‘நமக்கு எதற்கு’ என்று விலகுவார். மிச்சம் இருப்பவர்களின் சராசரிச் செலவு இன்னும் ஏறும், சந்தாவும் கூடவே ஏறும். நாலைந்து சுற்றில் சீட்டு உடைந்துவிடும். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பதும் வயது ஏற ஏறப் பிரீமியத்தை உயர்த்துவதும் இந்தப் பயத்தினால்தான். அந்தக் காத்திருப்புக் காலத்தின் உச்ச வரம்பை 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் குறைத்தது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தைத் தன் முன் அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. இரண்டும் நல்லவை. ஆனால் விருப்பச் சீட்டின் அடிப்படைக் கோளாறு இவற்றால் தீராது. எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தால்தான் தீரும், அதற்கு வரியோ கட்டாயப் பிடித்தமோ வேண்டும்.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டைப் பிடித்தம் வழியாகக் கொண்டுவந்தார். பிரிட்டனில் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையை வரிப்பணத்தில் தொடங்கினார். மருத்துவமனைகளையே அரசு எடுத்துக்கொண்டது. பெரியவர் சொல்லும் பிரான்ஸ் 1945இல் அமைத்த சமூகப் பாதுகாப்பு, பிஸ்மார்க் வழியை ஒட்டியது.

அந்தப் பிரெஞ்சு ஏற்பாடும் முழுக்க இலவசம் இல்லை. அங்கே குடும்ப டாக்டரின் கட்டணம் 2024 டிசம்பர் முதல் 30 யூரோ. அதில் 70 சதவீதம், அதாவது 21 யூரோ, காப்பீட்டின் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் நோயாளி 2 யூரோ தன் கையிலிருந்து போட வேண்டும் என்பது விதி. அதனால் திரும்பி வருவது 19. மிச்சத்தில் 9 யூரோவைத் துணைக் காப்பீடு எடுத்திருந்தால் அது தரும். நீண்ட கால நோய்ப் பட்டியலில் உள்ள சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றுக்கு அந்த நோய் சார்ந்த சிகிச்சையையும் மருந்தையும் 100 சதவீத விகிதத்தில் ஏற்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தினமும் மாத்திரை போட வேண்டிய நோயாளியை அவர்கள் முதல் வரிசையில் வைத்தார்கள். புதுச்சேரியில் குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமகனுக்கு இது அப்படியே கிடைக்காது. வெளிநாட்டில் வாழ்வோருக்கென்று தனிச் சந்தா கட்டிச் சேரும் நிதி ஒன்று உண்டு, அது விருப்பத்தின் பேரில் சேருவது.

தாய்லாந்து 2002இல் சட்டம் போட்டு, ஒரு தடவைக்கு 30 பாத் கட்டணத்தில் எல்லாருக்கும் சிகிச்சை என்று அறிவித்தது. பணக்கார நாடாக ஆன பிறகு செய்த காரியம் இல்லை அது. முந்தைய முப்பது ஆண்டுகளில் வட்டார மருத்துவமனைகளைக் கட்டி, படித்து முடித்த டாக்டர்களைக் கட்டாயமாகக் கிராமப்புறத்துக்கு அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் அட்டையைக் கொடுத்தார்கள். இந்தியாவில் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. காசு இல்லை என்பதற்காக ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது, அதற்கு அடித்தளம் கிராமத்துக்கு அருகிலுள்ள சுகாதார நிலையம் என்றது அந்த அறிக்கை. நாம் அட்டையை வேகமாகக் கொடுத்தோம். அடித்தளத்தை மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு வேகத்தில் கட்டினோம்.

அட்டை என்ன செய்யும், எங்கே நின்றுவிடும்

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அதோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயாக இருந்தது 2022இல் 1,20,000 ஆனது. சேர்வதற்குக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

மருத்துவமனையில் நடப்பது இது. அட்டையையும் ஆதாரையும் திட்டத்துக்கான தனி மேசையில் காட்டுகிறோம். அவர்கள் குடும்ப விவரத்தைக் கணினியில் சரிபார்த்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு முன் அனுமதி கேட்டு அனுப்புகிறார்கள். அனுமதி வந்த பிறகு அறுவைச் சிகிச்சை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு மருத்துவமனை கிளெய்ம் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு அனுமதி வாங்கவும் வழி உண்டு.

இதில் தட்டுப்படுகிற இடங்களில் முக்கியமானது பெயர். கல்யாணம் ஆகி வந்த பெண்ணின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். அங்கே நீக்கி இங்கே சேர்க்காதவரை இந்த வீட்டு அட்டையில் அவர் இல்லை. குழந்தையின் பெயரைச் சேர்க்க ஒன்றிரண்டு வருஷம் விட்டுவிடுகிறார்கள். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றால் அனுமதி அன்றைக்கு நின்றுபோகும். அடுத்தது, மருத்துவமனை திட்டத்தில் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட அந்தத் துறைக்கு இருக்காது. எலும்புப் பிரிவுக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதயச் சிகிச்சைக்கு அட்டை செல்லாது. "கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்த ஆபரேஷனுக்கு எடுப்பீங்களா?" என்று கேட்பது நல்லது. இன்னொன்று, பதற்றத்தில் முன்பணம் கட்டி அட்மிட் ஆகிவிட்டு மூன்றாம் நாள் அட்டையைக் காட்டுவது. அனுமதிக்கு முன்பு கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதல் நாளே காட்டிவிட வேண்டும். அனுமதி பெற்ற சிகிச்சைக்கு மேல் ‘வித்தியாசத் தொகை’ என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை; 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். ஆயுஷ்மான் பாரத் எண் 14555.

எல்லையோரக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பம் வேறு மாநிலத்துத் திட்ட மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மாநில அரசு தன் சொந்தப் பணத்தில் சேர்த்த குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி அட்டை. கடலூர்க்காரர் ஒருவருக்குப் புதுச்சேரியில் செல்லும், பக்கத்து வீட்டுக்காரருக்குச் செல்லாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே 14555இல் கேட்டுத் தெரிந்துகொள்வது ஐந்து நிமிஷ வேலை. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் பாரத்தை விரிவாக்கியது 2024 அக்டோபரில். அதை எந்த மருத்துவமனை ஏற்கிறது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளலாம்.

விபத்துக்கும் இதே எல்லைக் கோடு குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும், ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். ரெட்டிச்சாவடியில் விழுந்தால் உண்டு. கொஞ்ச தூரம் தள்ளிக் கன்னியக்கோயிலில் விழுந்தால் அது புதுச்சேரி. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது: நாட்டின் எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்து என்றாலும் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. பணம், போலீஸ் நடைமுறை எதற்கும் காத்திராமல் முதலில் உயிரைக் காக்க வேண்டியது அரசு டாக்டர், தனியார் டாக்டர் இருவர் கடமையும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

பதினாறாம் நாள்

இப்போது அத்தையின் கேள்விக்கு வரலாம். ஐந்து லட்சம் அட்டை இருக்கிறதே, அப்புறம் என்ன?

அட்டை படுக்கைக்கு. அட்மிட் ஆனால்தான் வேலை செய்யும். சில பரிசோதனைகளும் சில சிகிச்சைகளுக்கான தொடர் மருத்துவமும் சேர்ந்திருக்கின்றன, மற்றபடி ஓ.பி.யில் டாக்டரைப் பார்ப்பதும் மாதா மாதம் மாத்திரை வாங்குவதும் அதில் வராது. ஆயுஷ்மான் பாரத் விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பிய பிறகு 15 நாளும் மருந்துச் செலவு உள்ளடங்கும். பதினாறாம் நாள் காலை போடும் மாத்திரை நோயாளியின் பொறுப்பு.

இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவரை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வந்த உலோக வலையைப் பார்த்ததும் ரத்தம் அதன் மேல் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெல் வகை மாத்திரை ஒன்றும் சேர்த்து, வழக்கமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை விடாமல் போட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆயுளுக்கும். மூன்றாவது மாதம் கையில் காசு இல்லை, உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்தினால், ஸ்டென்ட் உள்ளேயே அடைத்துக்கொண்டு மறுபடி மாரடைப்பு வரலாம். பொதுப்பணம் செலவழித்து வைத்த ஸ்டென்டைக் காக்கும் மாத்திரைக்கு, ஆயுஷ்மான் பாரத் விதியில் அந்த 15 நாளுக்கு மேல் இடம் இல்லை. காப்பீட்டை மட்டும் நம்பிய வைத்திய ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்கள் இருவர், ஒருவருக்குச் சர்க்கரை, இருவருக்கும் பிரஷர். மெடிக்கல் ஷாப் மாத்திரை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,400. அட்டைக்கான வருமான வரம்பு 1,20,000. வரம்பின் உச்சியில் உள்ள குடும்பத்துக்கே இது 12 சதவீதம். குடும்ப வரவிலோ செலவிலோ 10 சதவீதத்துக்கு மேல் வைத்தியத்துக்குப் போனால் அது அந்தக் குடும்பத்தைச் சாய்க்கும் செலவு என்பது பல ஆண்டுகளாக உலக அளவில் பயன்படுத்திய அளவுகோல்களில் ஒன்று. ஒருவரும் ஆஸ்பத்திரியில் படுக்காமலே இந்தக் குடும்பம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

இந்தியாவின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து போடுவது 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது என்று தேசிய சுகாதாரக் கணக்கு காட்டுகிறது. நல்ல இறக்கம். மிச்சம் இருக்கிற அந்த 39.4இல் கனமானது மருந்து.

இந்த மூலையில் தமிழ்நாட்டிடம் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதைப் பற்றி வீட்டுப் பேச்சில் யாரும் பெருமைப்படுவதில்லை என்பது வருத்தம். 1994இல் அமைத்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் மருந்து வாங்குகிறது. வாங்குவது வேதிப்பெயரில், கம்பெனிப் பெயரில் இல்லை. ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறையில் வரும்: முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி, அது தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே கிடங்கிலிருந்து மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புக் மாதிரி ஒரு கணக்குப் புத்தகம். ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவு, எடுக்கிற மருந்து பற்று. எந்த ஊரில் எது அதிகம் போகிறது, எங்கே தீரப் போகிறது என்று கிடங்குக்குத் தெரிவது இந்தப் புத்தகத்தால்தான். ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த அந்த மாத்திரைப் பட்டையை ‘ஜி.எச். மாத்திரை, வேலை செய்யாது’ என்று ஒதுக்குகிறவர்கள் இந்த வழிமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத புதிய மருந்தை டாக்டர் எழுதினால் வெளியில்தான் வாங்க வேண்டும். ஒதுக்கீட்டைச் சரியாகக் கணிக்காத மருத்துவமனையில் நிதியாண்டின் கடைசியில் தட்டுப்பாடு வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய விலை, வரிசை. ஓ.பி. சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுண்டரில் நின்று வெளியே வர அரை நாள். கோரிமேட்டில் ஜிப்மர் வரிசைக்குக் கடலூர், விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு முழு நாள். கூலி வேலைக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். காசு வாங்காத இடத்தில் நேரம்தான் விலை. பிரிட்டனிலும் அப்படித்தான், அங்கே சிறப்பு மருத்துவச் சிகிச்சை தொடங்க 18 வாரம் என்பதையே இலக்காக வைத்து, அதையும் எட்ட முடியாமல் திணறுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தபோது மிச்சப்பட்டது மாத்திரை விலையோடு அந்த ஒரு நாள் கூலியும்தான். மாத்திரை விடாமல் போடுவதற்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது தினக்கூலி வீடுகளுக்குத் தெரியும்.

ஞாயிறு இரவு நெஞ்சு வலி வந்தால் என்ன என்பதும் இதோடு சேர்ந்ததே. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகள் தயாராக இருக்கும்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் அங்கே உள்ள மருத்துவர் பார்த்து அதைக் கொடுத்துவிட்டு 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். விலை மிகக் குறைவு. காப்பாற்றுவது இதயத் தசையை.

நடுவில் விடுபட்டவர்கள்

மருமகன் சொன்ன பிடித்தம், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அவர் சம்பளம் 18,000 என்றால் அவரிடம் 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய், முதலாளி 3.25 சதவீதம், 585 ரூபாய். ஆக மாதம் 720. இதற்குக் குடும்பம் முழுவதற்கும் ஓ.பி., மாத்திரை, படுக்கை, அறுவைச் சிகிச்சை எல்லாம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் உண்டு. மாத்திரையையும் படுக்கையையும் ஒரே கணக்கில் கொண்டுவந்த ஏற்பாடு நம்மிடம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது என்பதை இந்த வாதத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் சம்பளம் 21,000 தாண்டினால், பிடித்தம் கணக்கிடும் அந்த ஆறு மாதக் காலம் முடிந்ததும் வெளியே. 22,000 வாங்குகிறவரின் ஆண்டு வருமானம் 2,64,000. முதலமைச்சர் திட்டத்துக்கும் தகுதி இல்லை. அவரையாவது தனியார் பாலிசி எடுக்கச் சொல்லலாம். புதுச்சேரி நேரு வீதியில் ஆறு பேர் வேலை செய்கிற கடையில் 13,000 சம்பளம் வாங்குகிற பெண்ணின் நிலை அதைவிட மோசம். பத்துப் பேருக்குக் குறைவான கடை, ஈ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. அவரே மஞ்சக்குப்பத்தில் குடியிருந்து தினம் வந்து போகிறவர் என்றால், ஆண்டுக்கு 1,56,000 வருகிறது, தமிழ்நாட்டு அட்டையும் இல்லை. இப்படி எந்த ஏற்பாட்டிலும் வராதவர்கள் மக்கள் தொகையில் குறைந்தது 30 சதவீதம் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021 அறிக்கையில் கணக்கிட்டது. பெட்டியின் நீளத்தில் இருக்கும் ஓட்டை இது.

தனியார் பாலிசி எடுத்தவர்கள் வழக்கமாக ஏமாறுகிற இடம் ரூம் வாடகை. 3 லட்சம் பாலிசியில் ஒரு நாள் வரம்பு 1 சதவீதம், 3,000 ரூபாய். 6,000 ரூபாய் ரூமில் மூன்று நாள் இருக்கிறோம். கையிலிருந்து 9,000 போகும் என்றுதான் நினைப்போம். ஆனால் ரூமின் தரத்தை ஒட்டி ஏறும் கட்டணங்கள், அதாவது டாக்டர், தியேட்டர், நர்ஸ் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். பில் 1,50,000 என்று வைப்போம்: ரூம் 18,000, டாக்டரும் தியேட்டரும் 90,000, மருந்தும் பரிசோதனையும் 42,000. நிறுவனம் தருவது 9,000, 45,000, மருந்து முழுசாக 42,000, ஆக 96,000. நாம் கட்டுவது 54,000. வரம்புக்குள் உள்ள ரூமைக் கேட்டு வாங்குவது, அல்லது ரூம் வரம்பே இல்லாத பாலிசி எடுப்பது, இரண்டில் ஒன்று அவசியம்.

‘எல்லாருக்கும் அட்டை கொடுத்துவிட்டால் போதாதா?’ என்பதற்கும் பதில் பணம் போகும் விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தனிக் காசு என்றால் தேவையில்லாத ஸ்கேனும் பெருகும். ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை கட்டினால், அறுவையே பெருகும். காப்பீட்டுப் பணத்துக்காகப் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் பெண்களுக்குத் தேவையின்றிக் கர்ப்பப்பையை அகற்றிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் தீர்ப்பு வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தாய்லாந்து மாதிரிக் கொடுத்தால், நோயை முன்பே தடுப்பதில் மருத்துவமனைக்கு லாபம். செலவுக்குப் பயந்து குறைவாகப் பார்க்கிற ஆபத்தும் உண்டு. மூன்றுக்குமே கண்காணிப்பு வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்ற முறையில்தான் மாதாந்திர மாத்திரைக்கு இயல்பாக இடம் வருகிறது.

அட்டையால் ஆகவே ஆகாத வேலையும் ஒன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், புதுச்சேரி இடையே கரை கடந்தது. அப்படி ஒரு புயல் ஓய்ந்த மறுநாள், கிணற்றிலும் தொட்டியிலும் குளோரின் போடுவது, வயிற்றுப்போக்கு எங்கே கிளம்புகிறது என்று தெருத் தெருவாகப் பார்ப்பது, தேங்கிய நீரில் கொசுவைத் தடுப்பது எல்லாம் ஊருக்கே செய்கிற வைத்தியம். அதற்குக் கிளெய்ம் போட முடியாது. சென்னை மாகாணம் 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டு, இதற்கென்று தனித் துறையும் ஆட்களும் வைத்திருந்தது பெரிய சொத்து.

பணம் எங்கே என்று மருமகன் கேட்பது நியாயமான கேள்வி. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2021-22இல் சுகாதாரத்துக்குச் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதம் என்று 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையே இலக்கு வைத்திருந்தது. கூடுதலாக வரும் ரூபாயை எதில் போடுவது என்பதில்தான் உண்மையான சண்டை நடக்க வேண்டும். முதல் ரூபாய் சர்க்கரை, பிரஷர், இதயம், மூச்சுக்குழாய் நோய் மாத்திரைகளுக்கும் அவற்றைக் கொடுக்கும் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும், படுக்கை அதற்கு அடுத்து. அங்கே போடும் பணம், பின்னால் வர இருக்கும் டயாலிசிஸையும் பக்கவாதத்தையும் தள்ளிப்போடும்.

அதுவரை வீட்டில் செய்துகொள்ளக்கூடியது ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், மாத்திரைகளின் வேதிப்பெயரையும் அளவையும் சம்மரியில் தெளிவாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதோடு ஓர் ஈ.சி.ஜி. பிரதி. பத்து நாளுக்குள் அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஜி.எச். தொற்றா நோய்ப் பிரிவுக்கோ போய்ப் பதிவு செய்து, அங்கே எது கிடைக்கும், எதை வெளியில் வாங்க வேண்டும் என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளியில் வாங்க வேண்டியதை மக்கள் மருந்தகத்திலும், தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் அதே வேதிப்பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். பதினைந்தாம் நாள் ராத்திரி டப்பாவைத் திறக்கும்போது, அடுத்த மாத மாத்திரை அதில் இருக்கும்.